வேலைக்குப் போய்க்கிட்டே ஆய்வு நூல் எழுதுறவங்க: மனசுல இன்னும் நிக்கிற ஒரு ஆளைப் பத்திச் சொல்லுங்க

இரண்டாம் ஷிப்ட்

சுயநிதிப் பிரிவுல வரலாறு எடுக்கிறேன். மத்தியானம்தானே காலேஜ், காலையில எழுதலாமேன்னு எல்லாரும் சொல்வாங்க. நாக் (காலேஜோட தர மதிப்பீடு) ஃபைல் வேலையை எப்ப பார்க்கிறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. நூல் பக்கிங்ஹாம் கால்வாய் பத்தினது. 1876-78 பஞ்சத்துல நிவாரண வேலையா கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவுல வெட்டினாங்களே, அந்தத் துண்டும் அதை வெட்டின ஆட்களும். பறக்கும் ரயில் பாதி தூரம் அந்தக் கால்வாய் மேலயேதான் ஓடுது. அதுல உட்கார்ந்துதான் திருத்துறேன்.

மயிலாப்பூர்ல பூக்கூடையோட ஒரு அம்மா ஏறி பக்கத்துல உட்கார்ந்தாங்க. என் மடியில பிரிண்ட் அவுட், முழுக்க சிவப்பு மை. "பரீட்சை பேப்பராம்மா?"ன்னு கேட்டாங்க. எங்கிருந்து விளக்குறது, ஆமான்னு தலையாட்டி வெச்சேன். அடுத்த பக்கத்துக்கு மேலிருந்து கீழே குறுக்கே ஒரு கோடு இழுத்ததும் அவங்களுக்குத் தாங்கலை. "இம்மாம் எழுதிக்கீது, அத்தனையும் அடிச்சுட்டா எப்படி? யாரு பெத்த புள்ளையோ. பாஸ் போட்டு வுட்டுரும்மா."

அதுக்கப்புறம் பென்சில்லதான் திருத்துறேன். நாலாவது அத்தியாயம் இன்னும் பாஸ் ஆகலை.

மூணாவது மாடி ஸ்டாஃப் ரூம்

ரயில்ல உட்கார இடம் கிடைக்குதா? கொடுத்து வெச்சவங்க. தாம்பரம் லோக்கல்ல வந்து பாருங்க, பேனா என்ன, மூக்குக் கண்ணாடியைக் கூடச் சரி பண்ண முடியாது.

என் ஆள் ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்தவர். "ஐஎஸ்பிஎன்னோட புக் போட்டுத் தர்றோம் சார். தீசிஸ் சாஃப்ட் காப்பி இருந்தா போதும். அட்டைக்கு என்ன கலர்?" ப்ரமோஷனுக்குப் புள்ளி போடுற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அட்டவணை அவருக்கு மனப்பாடம். இந்தியப் பதிப்பகம்னா 10 புள்ளி, வெளிநாடுன்னா 12, தொகுப்புல ஒரு கட்டுரைன்னா 5. ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண்ணை அரசோட ராஜா ராம்மோகன் ராய் முகமை காசு வாங்காமத்தான் தருது. அவர் லிஸ்ட்ல அதுக்கும் தனியா ஒரு ரேட் இருந்தது.

"உள்ள இருக்கிறதை யாராவது படிச்சுப் பார்ப்பாங்களா?"ன்னு கேட்டேன். "சார், உங்களுக்குப் பாயிண்ட் வேணுமா, படிக்கிற ஆள் வேணுமா?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், கோபப்படக்கூட இடம் கொடுக்கலை. எங்க துறையிலேயே ரெண்டு பேர் அன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்தாங்க. அவங்களைத் திட்டவும் மனசு வரலை. ப்ரமோஷன் ஃபைல்ல அவங்க புத்தகமும் நான் இழுத்துக்கிட்டிருக்கிற புத்தகமும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்கப் போகுது.

ஓய்வுபெற்றவன்

மூணாவது மாடி நண்பருக்கு: இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் 2018 விதிமுறை. எங்கள் காலத்தில் எழுதியவன் எழுதினான், எழுதாதவன் சங்கத் தேர்தலில் நின்றான். தரகர் கேட்டதில் பாதி நியாயம்தான். படிக்கிற ஆள் வேண்டும் என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

என் அனுபவம் சின்னது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டு ஆய்வாளர். கைபேசியில் படமெடுக்கும் காலத்துக்கு முந்தைய கதை இது. பென்சிலால் அரசாணையை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். "அடுத்து எப்போது வருவீர்கள்?" என்றார். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள், அதில் மிச்சம் இருந்தால் வருவேன் என்றேன். அவருக்குச் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்பாம். அதைச் சொல்லும்போது அவர் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சம்தான் எனக்கு மறக்கவில்லை.

இனி இளையவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆய்வேட்டை அப்படியே நூலாக்காதீர்கள். ஆய்வு நோக்கம், கருதுகோள், முன்னாய்வுகள் எல்லாம் தேர்வாளருக்காக எழுதியவை. வாசகனுக்கு அவற்றால் ஆவதொன்றும் இல்லை, வெட்டுங்கள். மே மாதத்தை நம்பாதீர்கள். விடைத்தாள் திருத்தும் முகாம் பாதியைத் தின்னும், சேர்க்கைப் பணி மீதியைத் தின்னும். அரசாணை எண்ணையும் தேதியையும் பார்த்த அன்றே அடிக்குறிப்பில் ஏற்றுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த ஒரு எண்ணுக்காக இன்னொரு விடுப்பு போகும். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சுங்கள். அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் "ஸ்ரீ"யும் "க்ஷ"வும் எங்கே போகும் என்று தெரியாது. அதனால் மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்பு, அதாவது பிழை பார்க்கும் படி, கேட்டு வாங்குங்கள். "கௌ"வுக்குப் பதில் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" தட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், கணினியில் தேடும்போது அகப்படாது. சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் வரும் பட்டியலை, பக்க எண் உறுதியான பின்தான் தொடங்க வேண்டும். ஆனால் எந்தெந்தச் சொற்கள் என்ற பட்டியலை இப்போதே தயார் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியற்காலை 4 மணிக்கு எழுந்துவிடுங்கள். வீடு அமைதியாக இருக்கும்.

உள்ளங்கை

ஐயா, சொல்லடைவு யோசனைக்கு நன்றி. 4 மணிக்கு எங்க வீட்டுலயும் நான் எழுந்துதான் இருக்கேன், இட்லிப் பானைக்கு முன்னாடி. அம்மாவுக்கு எத்தனை மணிக்குக் காபி கொடுத்தீங்கன்னும் சேர்த்து எழுதியிருந்தா உதவியா இருந்திருக்கும்.

நான் தமிழ்த் துறை. பழைய பெண்கள் பத்திரிகைகள் பத்தின நூல். நூலகம் திறந்திருக்கிற நேரத்துலதான் நமக்கும் வகுப்பு, அது தெரிஞ்ச கதை. எனக்கு வாக்கியம் வர்றதே பரீட்சை ஹால் சூப்பர்விஷன்லதான். மூணு மணி நேரம், கையில புத்தகம் கூடாது, போன் கூடாது, உட்காரவும் கூடாது. நவம்பர் செமஸ்டர், வெளியே மழை. முடிவுரைக்கு நாலஞ்சு மாசமா வராத ஒரு வரி வந்துடுச்சு. பேப்பர் எதுவும் இல்லை, கூடுதல் தாள் கணக்குக்கு வெச்சது, அதுல கிறுக்க முடியாது. உள்ளங்கையிலயே எழுதிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, காப்பி அடிக்கிறதைப் பிடிக்க வர்ற ஸ்குவாட் நுழைஞ்சாங்க. கையெழுத்துப் போட நான் கை நீட்டினதும் பெரியவர் ஒருத்தர் என் உள்ளங்கையையே பார்த்தார். "மேடம், பசங்ககிட்டதான் பிட் பிடிப்போம்." முதல் பெஞ்ச் பையன் சிரிச்சுட்டான். எனக்கு வேர்த்துக் கொட்டுது. மெதுவா, இது என் புத்தகத்துக்கு சார்னு சொன்னேன். அவர் கண்ணாடியை ஏத்திவிட்டு முழுசா ஒரு தடவை படிச்சார். "அழிஞ்சிடப் போகுது"ன்னு சொல்லி, சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, அதோட பின்பக்கத்துல அவரே எழுதிக் கொடுத்தார். அழகான கையெழுத்து. வாசல் கிட்ட போய்த் திரும்பி, "நானும் ஒண்ணு எழுதிக்கிட்டிருந்தேன், அலைகளைப் பத்தி. இயற்பியல்"னார். எழுதிக்கிட்டிருந்தேன்! ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்கிறதுக்குள்ள அடுத்த ஹாலுக்குப் போயிட்டாங்க.

ஏரிக்காரன்

உள்ளங்கை மேடம், அவர் மறுபடி எந்த செமஸ்டர்லயாவது வந்தா கட்டாயம் கேட்டுச் சொல்லுங்க.

எனக்கு நூல் முடிஞ்சு, வந்தும் ஆச்சு. சென்னையில தூர்ந்துபோன ஏரிகள். ஜனவரி கண்காட்சிக்கு வரணும்னா இந்த வாரமே கொடுங்கன்னு டிசம்பர்ல ஒரே நெருக்கடி, இன்டர்னல் மார்க் போட்டுக்கிட்டே மெய்ப்புப் பார்த்தேன். சொல்லடைவு சேர்த்தா ஒரு பாரம் கூடும், அதாவது 16 பக்கம், விலை ஏறும்னு பதிப்பாளர் அதை எடுத்துட்டார்.

நந்தனம் மைதானத்துல ஸ்டால்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பெரியவர் புத்தகத்தை எடுத்தார், விலையைப் பார்த்தார், நேரா கடைசிப் பக்கத்துக்குப் போனார். "நான் மேற்கு மாம்பலம். எங்க ஏரி எந்தப் பக்கத்துல இருக்கு?" தி.நகரே அந்த ஏரியைத் தூர்த்து 1920கள்ல உருவானதுதானே, அதுக்கு ஒரு அத்தியாயமே உண்டு. ஆனா மாம்பலம் பக்கத்துத் தெருக்கள் மூணு நாலு இடத்துல சிதறிக் கிடக்கு. என் புத்தகத்தை நானே புரட்டிக்கிட்டிருக்கேன், பின்னாடி பில் போட ஆட்கள் நிக்கிறாங்க. "நீங்க தேடி வைங்க தம்பி, ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன்"னார். தேடி, துண்டுச் சீட்டு வெச்சு, 10 சதவீதத் தள்ளுபடி போட்டு எடுத்தும் வெச்சேன். அவர் வரலை.

ரெண்டாம் பதிப்புல சேர்க்கலாம்னு பதிப்பாளர் சொல்றார். முதல் பதிப்பு முக்கால்வாசி அவர் கிடங்குலதான் இருக்கு. ஓய்வுபெற்றவன் ஐயா, அச்சகத்து ஃபைல் பழைய எழுத்துருவுல இருக்கு. அதுல கணினியிலேயே தேடிச் சொல்லடைவு போட வழி உண்டா, இல்லை புத்தகத்தை வெச்சுக்கிட்டுக் கையாலதான் போடணுமா?