வடக்கு வீதி வீடு குடும்பக் குழு: கூட்டணி உடைந்த கதை

12 செப்டம்பர் 2024, வியாழன்

நிலா (இரவு 9:14): எல்லாரும் கேளுங்கள்! எங்கள் கான்ஃபரன்ஸுக்கு நான்கு பேர் வருகிறார்கள்!! பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட். 2026 முதல்.

வசந்தா (9:16): நான்கு பேர் உன் அறைக்கா? ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறீர்களே.

சுந்தரம் (9:20): மாநாட்டுக்கு நான்கே பேரா? வங்கியில் எங்கள் கோட்ட மாநாட்டுக்கே நானூறு பேர் வருவார்கள்.

பாலு (9:21): அண்ணா, இது உட்கார்ந்து பேசுகிற மாநாடு இல்லை. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு அணிகள் சேர்ந்து வைத்திருக்கிற கூட்டணி. யார் யாரோடு ஆடுவது, டிவிக்காரன் தருகிற பணத்தை எப்படிப் பிரிப்பது, எல்லாம் கூட்டணி முடிவு. சரிதானே நிலா?

நிலா (9:22): சரிதான் சித்தப்பா. எங்களுடையது பேக்-12. 1915இல் போர்ட்லாண்டில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஆரம்பித்தது. போன வருடம் வரை 12 பல்கலைக்கழகம். இப்போது வாஷிங்டன் ஸ்டேட்டான நாங்களும் ஆரகன் ஸ்டேட்டும்தான்.

சுந்தரம் (9:24): மீதி பத்து?

நிலா (9:24): கார்த்திக் அண்ணாவைக் கேளுங்கள். ஓடிப்போன பத்தில் அவர் காலேஜும் ஒன்று, சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலை.

கார்த்திக் (9:31): ஆரம்பித்துவிட்டாயா. அப்பா, நான் 2019லேயே படித்து முடித்துவிட்டேன். போகலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நிலா (9:32): தொப்பி மட்டும் இன்னும் ஊதா நிறத்தில் போடுகிறீர்கள்.

பாலு (9:35): சனிக்கிழமை உங்கள் இரண்டு பேருக்கும்தானே மேட்ச்?

நிலா (9:36): ஆமாம், ஆப்பிள் கப். எங்கள் இரண்டு பல்கலையும் 1900இலிருந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம். வழக்கமாக நவம்பர் கடைசியில் வரும். இவர்கள் பிக் டென் என்கிற இன்னொரு கூட்டணிக்குப் போனதால் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். நாளை தோழிகளோடு காரில் சியாட்டில் வருகிறேன். ஐந்து மணி நேரம். தோற்கிறவர் ஜெயித்தவர் தொப்பியைப் போட்டு இந்தக் குழுவில் படம் போட வேண்டும் என்று பந்தயம். எல்லாரும் சாட்சி.

கார்த்திக் (9:37): சம்மதம். சிவப்பு எனக்குப் பொருந்தாது, ஆனால் அந்த நிலைமை வராது.

13 செப்டம்பர் 2024, வெள்ளி

சுந்தரம் (காலை 5:40): இரவு முழுக்க யோசித்தேன். நூறு வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள்? சண்டையா?

கார்த்திக் (7:02): சண்டை இல்லை அப்பா. டிவி. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு கல்லூரிகள், யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும், பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அடுத்த பெரிய டிவி சந்தை லாஸ் ஏஞ்சல்ஸ். அது போனதும் கூட்டணியின் விலை இறங்கிவிட்டது. ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்று டிவிகளோடும் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது.

பாலு (7:10): கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 58,000 கோடி ரூபாய்! ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையே 5 வருடத்துக்கு 48,390 கோடிதான். வருடத்துக்கு என்று பார்த்தால் ஐபிஎல் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஆனால் அதை ஒரு நாடே பார்க்கிறது. இது காலேஜ் பையன்கள் ஆட்டம்!

நிலா (7:15): சித்தப்பா, மிச்சிகன் பல்கலை மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிரம்பும்.

சுந்தரம் (7:30): மீதி இருந்த பத்து பேர் அப்போதே வேறு டிவியைப் பிடித்திருக்கலாமே.

கார்த்திக் (7:44): அங்கேதான் கோட்டை விட்டார்கள். ஈஎஸ்பிஎன் ஒரு பல்கலைக்கு வருடம் 3 கோடி டாலர் தருவதாகச் சொன்னதாகவும், தலைவர்கள் 5 கோடி கேட்டதாகவும் செய்தி வந்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அக்டோபரில் பக்கத்துக் கூட்டணியான பிக் 12 புகுந்து, ஈஎஸ்பிஎன்னோடும் ஃபாக்ஸோடும் 6 வருடத்துக்கு 228 கோடி டாலருக்கு முடித்துவிட்டது. இவர்களுக்கு வைத்திருந்த பணம் அங்கே போய்விட்டது.

சுந்தரம் (7:52): புரிந்துவிட்டது. களத்துமேட்டில் நெல்லைக் குவித்துவிட்டு, வந்த வியாபாரியிடம் இன்னும் விலை கேட்டு நிற்பார்கள். பக்கத்துக் களத்தில் எடை போட்டு லாரி கிளம்பிவிடும். அப்புறம் மழை வரும். கடன் கொடுத்தவன் என்பதால் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார்த்திக் (7:55): மழை 2023 ஜூலை 27 அன்று வந்தது. கொலராடோ பிக் 12க்குப் போனது. ஆகஸ்ட் 1 அன்று பேக்-12 கூட்டணியின் கமிஷனர் ஜார்ஜ் கிளியாவ்காஃப் ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து வைத்தார். டிவி இல்லை, ஆப்பிள் செயலி. பல்கலைக்கு ஏறக்குறைய 2.3 கோடி டாலரில் தொடங்கி, சந்தாதாரர் சேரச் சேர ஏறும் என்றார்கள்.

பாலு (7:57): சேராவிட்டால்?

கார்த்திக் (7:57): அதே பயம்தான் எல்லாருக்கும். ஆகஸ்ட் 4 காலையில் கையெழுத்துப் போடக் கூடுகிறார்கள் என்று பேச்சு. அன்று மாலைக்குள் ஆரகனும் (ஆரகன் ஸ்டேட் வேறு) நாங்களும் பிக் டென்னில். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12இல். ஒரே நாளில் ஐந்து பேர்.

நிலா (7:59): "நாங்களும்" என்று எழுதிவிட்டார் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றவர்.

கார்த்திக் (8:01): சரி, நியாயத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு முழுப் பங்குகூடத் தரவில்லை. தொடக்கத்தில் 3 கோடி டாலர் அளவில்தான், மற்றவர்கள் வாங்குவதில் பாதி. மைதானத்துக் கடன் இருக்கிறது, துடுப்புப் படகு முதல் சாஃப்ட்பால் வரை அத்தனைக்கும் ஃபுட்பால் பணம்தான் சோறு போடுகிறது. அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே சொல்.

நிலா (8:03): என்ன ஆகும் என்று தெரியும் அண்ணா. நான் அங்கேதான் படிக்கிறேன்.

நிலா (8:05): புல்மன் கோதுமை வயலுக்கு நடுவில் இருக்கிற ஊர். டிவிக்காரன் கணக்கில் நாங்கள் சந்தையே இல்லை. 2003இலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈஎஸ்பிஎன் காலை நிகழ்ச்சியில், அது எந்த ஊரில் நடந்தாலும், கூட்டத்துக்குள் யாராவது எங்கள் பல்கலைக் கொடியை ஆட்டுவார்கள். வாரம் தவறியதில்லை. ஒரு பைசா கேட்காமல் அவ்வளவு பேர் டிவியில் தலை காட்டுகிறோம். பங்கு பிரிக்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வசந்தா (8:10): இதற்கெல்லாம் அழுதுகொண்டு படிப்பை விட்டுவிடாதே.

நிலா (8:11): அழவில்லை அம்மா. கோபம்.

பாலு (8:20): ஸ்டான்ஃபோர்ட் எங்கே போனது? அதுவும் அந்தப் பக்கம்தானே.

கார்த்திக் (8:22): ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் செப்டம்பர் 1 அன்று ஏசிசியில் சேர்ந்தன. அட்லாண்டிக் கரைக் கூட்டணி. முதல் ஏழு வருடம் பங்கில் 30 சதவீதம் போதும் என்று ஒத்துக்கொண்டு. டல்லாஸிலிருந்து எஸ்எம்யூ என்று ஒன்று, 9 வருடம் டிவி பணமே வேண்டாம் என்று உள்ளே போனது.

பாலு (8:24): பசிபிக் கரையில் இருப்பவன் அட்லாண்டிக் கூட்டணியிலா!

கார்த்திக் (8:25): பிக் டென்னில் 18 பேர். பிக் 12இல் 16 பேர். பேக்-12இல் 2 பேர்.

சுந்தரம் (8:26): எண்ணத் தெரியாதவர்களா அங்கே பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள்?

நிலா (8:30): பெரியப்பா, ஃபுட்பால் வாரம் ஒரு ஆட்டம், எப்படியோ சமாளிப்பார்கள். வாலிபால், சாஃப்ட்பால் ஆடுகிற பெண்கள் வார நாளில் கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் பறக்க வேண்டும். திரும்பி வந்து மறுநாள் தேர்வு. அவர்கள் ஆட்டத்துக்காக யாரும் இந்த ஒப்பந்தத்தைப் போடவில்லை.

பாலு (8:33): ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்த 700 கோடியில் எவ்வளவு?

கார்த்திக் (8:36): நேரடியாக ஒன்றும் இல்லை. படிப்பு உதவித்தொகை உண்டு. 2021 ஜூலையிலிருந்து விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம். இந்த மே மாதம் பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் தருவதாக ஒரு வழக்கில் சமரசம் பேசினார்கள். போன வாரம் விசாரணை, நீதிபதி இன்னும் ஒப்புதல் தரவில்லை.

சுந்தரம் (8:50): இந்தப் பேராசை எப்போது தொடங்கியது?

கார்த்திக் (9:05): 1984. அதுவரை எத்தனை ஆட்டம் டிவியில் வரலாம், யார் வரலாம் என்பதை என்சிஏஏ என்கிற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கல்லூரிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அவரவர் சரக்கை அவரவர் விற்கலாம். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் பைரன் வைட், அவரே கொலராடோ பல்கலைக்கு ஆடிய பெரிய ஃபுட்பால் வீரர். போன வருடம் ஜூலையில் முதலில் கிளம்பியதும் அதே கொலராடோதான்.

சுந்தரம் (9:11): அப்படியா!

14 செப்டம்பர் 2024, சனி

சுந்தரம் (காலை 6:05): இன்னொரு சந்தேகம். பத்து பேர் போனபோது கூட்டணியின் கையிருப்பு யாருக்கு?

நிலா (6:20): இதுதான் எனக்குப் பிடித்த பகுதி பெரியப்பா. நாங்களும் ஆரகன் ஸ்டேட்டும் கோர்ட்டுக்குப் போனோம். புல்மன் பக்கத்தில் கோல்ஃபாக்ஸ் என்கிற சின்ன ஊரில் இருக்கிற மாவட்ட நீதிமன்றம். போகிறேன் என்றவருக்கு நிர்வாகத்தில் ஓட்டு இல்லை, இருப்பவர்தான் நிர்வாகம் என்று 2023 நவம்பரில் நீதிபதி சொன்னார். மாநில உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அப்புறம் சமரசம்.

சுந்தரம் (6:24): நல்ல தீர்ப்பு. வீட்டில் இருப்பவனிடம்தான் சாவி. நம் பாகப்பிரிவினையில் சாவியும் ஓடு மாற்றுகிற செலவும் எனக்கு வந்தது போல.

பாலு (6:25): அண்ணா, காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள்.

சுந்தரம் (6:26): பொதுவாகச் சொன்னேன்.

நிலா (6:31): செலவும் வந்தது பெரியப்பா. இரண்டே பேர் எப்படிப் பருவம் முழுக்க ஆடுவது? மவுண்டன் வெஸ்ட் என்கிற கூட்டணியிடம் இந்த வருடத்துக்கு 1.4 கோடி டாலர் கொடுத்து ஆட்டங்கள் வாங்கினோம். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அவர்கள் அணியை நாங்கள் பிடித்துக்கொண்டு போனால் அபராதம். முதல் அணிக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் கூட.

சுந்தரம் (6:34): நான்கு அணி. 100, 105, 110, 115 லட்சம். மொத்தம் 4.3 கோடி டாலர். அந்த நால்வரும் அங்கிருந்தா வருகிறார்கள்?

நிலா (6:35): நால்வரும்.

சுந்தரம் (6:36): அவசரக் கைமாற்றுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். எவன் எழுதினாலும் இப்படித்தான் எழுதுவான்.

கார்த்திக் (6:40): சொல்லாதது ஒன்று. நேற்று வரை விட்டுப்போனவர்களைத் திட்டினாள். இப்போது இவளும் பக்கத்து வீட்டுச் சுவரை உடைத்து நான்கு தூணை எடுத்துவந்திருக்கிறாள்.

நிலா (6:48): தெரியும்.

நிலா (6:49): அதைத்தான் காரில் வரும்போதும் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் 2026க்குள் எட்டு பேர் சேராவிட்டால் கான்ஃபரன்ஸ் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

வசந்தா (7:15): காரில் வந்து சேர்ந்தாயா இல்லையா, அதைச் சொல்லவே இல்லை.

நிலா (7:16): அண்ணா வீட்டில்தான் இருக்கிறேன் அம்மா. எங்கள் பல்கலைப் பால் பண்ணையில் செய்கிற சீஸ் ஒரு டப்பா கொண்டுவந்தேன். தகர டப்பாவில் அடைத்து விற்பார்கள். அண்ணி இப்போதே பாதி காலி.

பாலு (இரவு 9:30): மேட்ச் நம் நேரம் எத்தனை மணி? எதில் பார்ப்பது?

கார்த்திக் (9:33): இரவு 1 மணி. பீகாக் என்கிற செயலியில் மட்டும். இந்தியாவில் வராது சித்தப்பா. இங்கேயும் தனிச் சந்தா. எங்கள் பெயரில் நடக்கிற ஆட்டம் என்பதால் பிக் டென் ஒப்பந்தம், என்பிசி இதை டிவியில் போடாமல் செயலிக்குத் தள்ளிவிட்டது.

பாலு (9:34): செயலி வேண்டாம் என்று ஆப்பிளை விட்டு ஓடினீர்கள். கடைசியில் செயலியிலேயே மாட்டிக்கொண்டீர்கள்.

கார்த்திக் (9:40): இதற்குப் பதில் இல்லை.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

நிலா (அதிகாலை 1:08): மைதானத்துக்குள் இருக்கிறோம். அண்ணா ஊதா, நான் சிவப்பு. நடுவில் அண்ணி சாம்பல் நிறம்.

பாலு (3:02): இன்னும் விழித்திருக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

நிலா (4:14): 24-19. நாங்கள் முன்னால். பந்து அவர்களிடம். கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம். கடைசி வாய்ப்பு.

நிலா (4:15): கடவுளே

நிலா (4:16): நிறுத்திவிட்டார்கள்ள்ள்ள்!!!!!

பாலு (4:17): ஜெயித்தாச்சா??

நிலா (4:24): ஜெயித்தாச்சு!!! பக்கத்தில் ஒரு தாத்தா அழுகிறார். யாரென்றே தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சுந்தரம் (4:40): எழுந்துவிட்டேன். வாழ்த்துக்கள் கண்ணா. அந்த இன்னொரு பிள்ளை, ஆரகன் ஸ்டேட், என்ன ஆனான்?

நிலா (4:52): அவர்களுக்கும் இன்றைக்குத்தான் ஆரகனோடு ஆட்டம் பெரியப்பா. 49-14 என்று தோற்றுவிட்டார்கள். போன வருடம்தான் 16 கோடி டாலர் செலவில் மைதானத்தைப் புதுப்பித்து முடித்தார்கள், பாவம்.

சுந்தரம் (4:55): அந்தக் கடனை யார் கட்டுவது?

பாலு (4:56): அண்ணா, பந்தயத்தை மறந்துவிட்டோம். கார்த்திக் எங்கே?

வசந்தா (5:30): கார்த்திக், பெரியவர்கள் சாட்சி.

கார்த்திக் (6:11): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்திக் (6:12): படம் போட்டுவிட்டேன். பந்தயம் முடிந்தது. சாட்சிகள் தூங்கியிருந்தால் நான் பொறுப்பில்லை.

சுந்தரம் (6:13): நான் பார்த்துவிட்டேன். சிவப்பு நன்றாகத்தான் இருக்கிறது. சேமித்தும் வைத்துவிட்டேன்.