காலிப்பருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காருக்கு பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை லேசாகத் தளர்த்துவது, ஜாக்கியில் தூக்குவது, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் உட்காரவைப்பது வரை சிக்கலில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பர் வந்து நிற்கிறது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் பேடை அமுக்கிப் பிடிக்கும் பாகம். எந்திர மொழிபெயர்ப்பு அதை 'அளவி' என்கிறது, பள்ளிக்கூடத்து வெர்னியர் அளவி செய்த வேலை, ஆங்கிலத்தில் அதுவும் காலிப்பர்தானே. "அளவியை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டிவையுங்கள்" என்றால் யாருக்குப் புரியும்? பிரேக் லைனில் காற்று எடுப்பதை (ஆங்கிலத்தில் 'பிளீடிங்') அதே எந்திரம் 'இரத்தப்போக்கு' என்றது, அதை நானே மாற்றிவிட்டேன். 'கவ்வி' போடலாமா?

– மொழிபெயர்ப்பாளர்

*

கவ்வி வேண்டாம். "கவ்வி நகராவிட்டால் எண்ணெய் விடவும்" என்று எழுதிப் பாருங்கள், எதைக் கவ்வி என்று கேட்பான் மாணவன். வினையெச்சம் வந்து குறுக்கே நிற்கும். 'பற்றி' என்று யாரேனும் சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன், பிறகு பற்றியைப் பற்றி எழுத நேரும். கிடுக்கிப்பிடி என்று அன்றாடம் சொல்கிறோமே, 'கிடுக்கி' இருக்க வேறெதற்கு? இன்னொன்று, பிரேக்கை மட்டும் ஏன் பிரேக் என்றே விட்டீர்கள்? தேரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியவர்கள் நாம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, எங்கள் ஊர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் ஆலை ஹைட்ராலிக் பிரேக் போட்டுக் கொடுத்துப் பல வருஷமாகிறது, ஊரில் அதற்குப் பெயர் பிரேக்குதான். முட்டுக்கட்டையும் இருக்கிறது, ஆனால் அது நிறுத்த மட்டுமில்லை, எந்தச் சக்கரத்துக்கு எப்படிக் கொடுக்கிறோம் என்பதை வைத்து வீதி முனையில் தேரைத் திருப்புவதும் அதுதான். கார் பிரேக் திருப்பினால் நேரே ஆஸ்பத்திரி.

– திருவாரூர்க்காரன்

*

மூடி, வடிகட்டி, துருவி எல்லாமும் வினையெச்சம் மாதிரிதான் இருக்கின்றன. சமையலறையில் இதுவரை யாரும் குழம்பவில்லை. கவ்விக்கு என் ஓட்டு.

*

இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிடுக்கி எடு என்றால் பையன் குறடை எடுத்துக்கொண்டு வருவான். அப்புறம், கிடுக்கிக்கு இரண்டு கையும் நெருங்கும், சாதாரணக் கார்களில் காலிப்பர் அப்படி வேலை செய்வதில்லை. பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பேடைத் தள்ளும், தள்ளுகிற விசையில் காலிப்பர் 'பின்' என்கிற கம்பியில் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்து அமுக்கும். அந்தப் பின் துருப்பிடித்து இறுகினால் ஒரு பேடு மட்டும் தேய்ந்து கிடக்கும், அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

பெயர் எதுவானாலும் இரண்டைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பிஸ்டனை உள்ளே அமுக்கும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பல தடவை மிதிக்க வேண்டும், முதல் மிதி தரைவரை போகும், பேடு டிஸ்கைத் தொட்ட பிறகுதான் கெட்டியாகும். பின்சக்கரத்தில் டிஸ்க் இல்லாமல் டிரம் பிரேக் இருந்தால் அங்கே காலிப்பரே கிடையாது.

– கோவை

*

கோவை நண்பர் சொன்ன ஒருபக்க அமுக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் கிடுக்கி, இடுக்கி இரண்டும் ஒரு வேரே என்பது என் எண்ணம். இடுங்கிய கண்தான் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற இடுக்கண். இரு மலைக்கு நடுவே இடுக்கில் கட்டிய அணையும் இடுக்கிதான். நடுவில் டிஸ்க், இருபுறமும் பேடு, இதைவிடப் பொருத்தமான

*

ஐயா மடல் பாதியில் நிற்கிறது. இடுக்கி என்றால் எனக்குக் கேரளம்தான் ஞாபகம் வரும், காரைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் அப்படித்தான்.

*

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தால் கவ்விக்கு மூன்று, கிடுக்கிக்கு ஒன்று, 'காலிப்பர் என்றே விடு' என்று தனிமடலில் இரண்டு. முதல் தடவை 'காலிப்பர் என்கிற கவ்வி' என்று எழுதி, பிறகு கவ்வி என்றே விடுகிறேன். பெடல் எச்சரிக்கையை முதல் பக்கத்துக்கே கொண்டுபோய்விட்டேன்.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். டிஸ்குக்கு என்ன போட்டீர்கள்? 'தட்டு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.