வாம்பயர் அகாடமி முடிந்துவிட்டது, அடுத்து பிளட்லைன்ஸ் படிக்கலாமா? (கதை முடிவு சொல்லப்பட்டிருக்கிறது)

கேள்வி:
ரிச்செல் மீடின் வாம்பயர் அகாடமி வரிசையில் கடைசிப் புத்தகமான 'லாஸ்ட் சாக்ரிஃபைஸ்' படித்து முடித்தேன். லிஸ்ஸா அரசியானதும் டிமிட்ரியும் ரோஸும் சேர்ந்ததும் நான் ஆசைப்பட்டபடியேதான் நடந்தது. ஆனால் லிஸ்ஸாவின் மனசை ரோஸுக்குக் காட்டிய அந்தப் பிணைப்பு அறுந்துபோனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாஷா சுட்ட குண்டை ரோஸ் தன்மேல் வாங்கிக்கொள்கிறாள், பிழைத்தும் வருகிறாள். கண் விழித்தால் லிஸ்ஸா அவள் மனசுக்குள் இல்லை! ஆறு புத்தகமும் ரோஸ் சொல்லித்தான் கேட்டோம். அவள் லிஸ்ஸாவின் மனசுக்குள் போகும்போதெல்லாம் நாமும் கூடப் போனோம். இனி லிஸ்ஸா என்ன நினைக்கிறாள் என்று ரோஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

பிளட்லைன்ஸும் ஆறு புத்தகம் என்கிறார்கள். அதில் ரோஸ் கதை சொல்வதில்லையாமே. அவள் குரல் இல்லாமல் அந்த உலகத்துக்குள் போக மனசு வருமா?

பதில் 1:
உடனே போகாதீர்கள். முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். லிஸ்ஸா கெட்ட கனவு கண்டு அலற, அவள் பயம் ரோஸை எழுப்பிவிடும். முதல் தடவை படித்தபோது அது வெறும் தொடக்கமாகத்தான் இருந்தது. முடிவு தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

பதில் 2:
தாராளமாகப் போகலாம், ஏட்ரியனுக்காகவாவது போங்கள். ரோஸ் அவனை விட்டுப் பிரிந்த விதம் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. பிளட்லைன்ஸில்தான் அவனுக்கென்று ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

கதை சொல்வது சிட்னி. வாம்பயர் என்றாலே தீமை என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆல்கெமிஸ்ட் பெண் அவள்; வாம்பயர்கள் இருப்பதே வெளியே தெரியாமல் மறைக்கும் மனிதர் கூட்டம்தான் ஆல்கெமிஸ்ட். லிஸ்ஸாவின் தங்கை ஜில்லை பாம் ஸ்பிரிங்ஸில் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் வேலை அவள் தலையில் விழுகிறது. வெயிலைத் தாங்காத மொராய் (உயிருள்ள வாம்பயர்) பெண் பாலைவன ஊரில் இருப்பாள் என்று யார் தேடுவார்கள்?

நீங்கள் பிணைப்பைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன், முதல் புத்தகத்திலேயே தெரிந்துவிடும் விஷயம்தான். லிஸ்ஸா ரோஸை மீட்டதுபோலவே, செத்துப்போன ஜில்லை ஏட்ரியன் உயிரோடு மீட்டிருக்கிறான். அதனால் இப்போது அவன் மனசு அவளுக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
ஜில்லா! அந்தச் சின்னப் பெண்ணா? ஏட்ரியன் குடித்துவிட்டு ரோஸை நினைத்து அழுதால் அதெல்லாம் அவளுக்கும் தெரியுமா? மந்திரத்தால் லிஸ்ஸாவின் மனசில் சேர்ந்த இருட்டையெல்லாம் ரோஸ் சுமந்ததைப் பார்த்தவள் நான், ஜில்லை நினைத்தால் இப்போதே கவலையாக இருக்கிறது. சரி, ஆரம்பித்துவிடுகிறேன். ஏட்ரியன் தன் வாயால் கதை சொல்லும் இடம் எங்காவது வருமா?

பதில் 2:
வரும். 2013இல் வந்த நான்காவது புத்தகம் 'த ஃபையரி ஹார்ட்'டிலிருந்து சிட்னியும் அவனும் மாறிமாறிச் சொல்வார்கள். ஆனால் மூன்றாவதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். சிட்னி மாறுவது அங்கேதான்.