புதுப்பிப்பு: பழைய புரோட்டான் வீரா காடிக்குப் புது முன்விளக்கு, ரிமோட் லாக்

போன பதிவில் முன்விளக்கு மங்கலாக இருந்தால் எச்4 (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) எல்இடி பல்பு போடலாம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. ஹாலோஜன் இழைக்காக வடித்த ரிஃப்ளெக்டரில் எல்இடி வெளிச்சம் சிதறும். எதிரே வருபவர் கண் கூசும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடுப்பிலும் மாட்டும்.

முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 12.3 என்றால் குற்றவாளி பழைய வயர்தான். ஒரு வோல்ட் இறங்கினாலே கால்பங்கு வெளிச்சம் போய்விடும். பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விட இரண்டு 40 ஆம்ப் ரிலே (சுவிட்ச் இயக்கும் மின்தொடுப்பு), 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்ப் ஃப்யூஸ், அதே 60/55 வாட் ஹாலோஜன் போதும். ரிலே வாங்கும் முன் விளக்கு சுவிட்ச் பாசிட்டிவ்வை வெட்டுகிறதா, எர்த்தையா (நெகட்டிவ்) என்று பாருங்கள். ஜப்பானிய வழி வந்த பல காடிகளில் எர்த்தைத்தான். அதைக் கவனிக்காமல் இணைத்தால் ஹை பீம் குழம்பும்.

முழு விளக்கையே மாற்றுகிறீர்களா? இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்று கேளுங்கள். கட்-ஆஃப் கோடு, அதாவது லோ பீம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, சுவரில் இடப்பக்கம் ஏற வேண்டும்.

ரிமோட் லாக்கில் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டார், மற்றவற்றுக்கு இரண்டு வயர். கதவு மடிப்பில் ரப்பர் குழாய்க்குள் விடாத வயர் தேய்ந்து அறுந்து, ஒரு கதவு மட்டும் பூட்டாது. லாக்கை இயக்கும் மாட்யூல் பெட்டியைக் கால்மிதிக்கு மேலே உயரமாகக் கட்டுங்கள். பினாங்கு மழையில் தரைவிரிப்பு நனைவது புதிதா என்ன!