புதுப்பிப்பு: சென்னையை விட்டு திருத்துறைப்பூண்டிக்கு வந்த பிறகு

சென்னை வேலையை விட்டு, மனைவியின் ஊரான திருத்துறைப்பூண்டிப் பக்கம் குடியேறலாமா என்று போன ஆண்டு கேட்டிருந்தேன். "நிலம் வாங்க வேண்டாம், முதலில் குத்தகைக்கு எடுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தோம். முதல் அறுவடையும் முடிந்துவிட்டது.

போட்டது மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் ரகம். 160 நாள் பயிர், ஆள் உயரம் வளரும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் 2006 முதல் இந்தப் பக்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கேட்பார். 2018இல் மறைந்துவிட்டார். எங்களுக்கும் விதை அதே முறையில்தான் கிடைத்தது. திருப்பித் தர வேண்டியதைத் தனியே கட்டி வைத்திருக்கிறோம்.

களத்தில் பக்கத்து வயல் பெரியவர் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் காயணும் தம்பி" என்றார். மறுநாள் கடித்தபோது டக்கென்று உடைந்தது. அதன் பிறகே மூட்டை பிடித்தோம்.

வருமானம் கேட்டவர்களுக்கு: நெல்லாக விற்றால் குத்தகையும் கூலியும் போக அதிகம் மிஞ்சாது. அரிசியாக்கிப் பழைய அலுவலக நண்பர்களுக்கு அனுப்புகிறோம். மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். வருகிறவர்கள் ஒரு சம்பளத்தையாவது கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்து முளைத்திருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுகிய கால நெல்லான குறுவையும் போடுவோம்.