அரையிறுதியில் தோற்றோம்: யாரைச் சேர்ப்பது?

கடலூர் பழைய லெஃப்ட் பேக்:
மஞ்சக்குப்பத்தில் ஆடும் எங்கள் ஹாக்கி டீம் போன வாரம் வெளியூர் நாக்-அவுட்டில், அரையிறுதியில் 3-1 என்று தோற்றுவிட்டது. வேனில் விழுப்புரம் வரைக்கும் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்த வாயெல்லாம் கீப்பரைத்தான் திட்டியது. 19 வயதுப் பையன். கடைசி சீட்டில் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான், கிளவுஸைக்கூடக் கழற்றவில்லை.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எங்களுக்கு 6 பெனால்டி கார்னர் (எதிரணி தப்பு செய்தால், கோல் லைனிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து கோல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) கிடைத்தது, ஒன்றும் கோலாகவில்லை. அவர்களுக்கு 2 கார்னர், இரண்டும் கோல். மூன்றாவது கோல் கடைசி குவார்ட்டரில். அப்போது நடுக்களத்தில் ஆடும் எங்கள் சென்டர் ஹாஃப் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தார். பாவம், சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வேன் ஏறிய மனுஷன். மாற்றலாம் என்றால் பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஃபார்வர்டு. நம்ம ஊரில் எவனைக் கேட்டாலும் கோல் அடிக்கத்தான் வருவான்.

ஒரே ஒரு ஆளைச் சேர்க்கத்தான் காசு இருக்கிறது. கீப்பரா, ஹாஃபா, கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக்கரா?

புதுச்சேரி கோச்:
கார்னரில் ஹிட்டா, ஃப்ளிக்கா? முதல் ஷாட் ஹிட் என்றால் பந்து கோல் பலகை உயரத்துக்கு, அதாவது 46 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. எதிர் கீப்பர் குறுக்கே படுத்தாலே வேலை முடிந்தது. ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடலூர் பழைய லெஃப்ட் பேக்:
ஹிட்தான் சார். அதிலும் மூன்று தடவை அடிக்கவே இல்லை. நாங்கள் மண்ணில் பழகுகிறவர்கள், அங்கே செயற்கைப் புல் டர்ஃப். நம் மண்ணில் பந்து குதித்துக் குதித்து வரும். அதனால் கார்னரில் பந்தை நிறுத்தித் தருகிற ஸ்டாப்பர் ஸ்டிக்கைத் தரையில் படிய வைப்பதே இல்லை. தண்ணீர் அடித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு ஸ்டிக்குக்கு அடியிலேயே போய்விட்டது.

புதுச்சேரி கோச்:
அப்படியானால் ஃப்ளிக்கர் வந்தும் பிரயோஜனமில்லை, பந்தை நிறுத்தித் தர ஆள் வேண்டுமே. ஸ்டாப்பரைச் சிமெண்ட் தரையில் பழக்குங்கள், பூப்பந்து கோர்ட் போதும். பைசா செலவில்லை.

நெல்லிக்குப்பம் முன்னாள் கீப்பர்:
அண்ணே, கார்னரைத் தடுக்கக் கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான், மீதிப் பேர் சென்டர் லைனுக்கு அப்பால். அந்த 2 கோலிலும், அடிக்கிறவரைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடிய முதல் ரன்னர் யார்? அவர் அரை நொடி பிந்தினாலும் கீப்பர் என்ன செய்வான்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி, அரையிறுதியில் ஆட முடியாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? இந்திய டீமின் முதல் ரன்னர் அவர்தான். ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றோம்.

கடலூர் பழைய லெஃப்ட் பேக்:
தம்பி, அதே சென்டர் ஹாஃப்தான் முதல் ரன்னர். இது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். சரி, ஹாஃப்தான் தேடப் போகிறேன். ஷிஃப்ட் இல்லாத ஆளாக, ஓடப் பயப்படாதவராக யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கீப்பர் பையனுக்கு நேற்று போன் போட்டேன். அவன் அம்மாதான் எடுத்தார். கிளவுஸைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறார்களாம், சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும் என்றார்.