கிரிஃபித் மதிப்பீட்டில் பெயர் கிடைத்தது, நிலப்படத்தில் வீடு கிடைக்கவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். என் கணவரின் எள்ளுப்பாட்டனார் ஜான், அயர்லாந்தின் கிளேர் கவுண்டியைச் சேர்ந்தவர். அவர் வாழ்ந்த டவுன்லேண்டின் (அங்குள்ள மிகச் சிறிய நிலப் பிரிவின்) பெயரும், தந்தை மைக்கேல் உழவர் என்பதும் 1866ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் உள்ளன. வரி விதிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தின் நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்ட கிரிஃபித் மதிப்பீட்டில், அந்த டவுன்லேண்டுக்குரிய ஏட்டில் அதே குடும்பப் பெயருடன் இரண்டு மைக்கேல்கள் இருக்கிறார்கள். ஒருவர் பெயரை அடுத்து மட்டும் அடைப்புக்குறிக்குள் ஜான் என்று எழுதியிருக்கிறது. அவருக்கு எண் 5ஏ, மற்றவருக்கு 5பி. இணையத்தில் ஏட்டுடன் உள்ள நிலப்படத்தில் 5 என்ற எண் வீடே இல்லாத சதுப்பு நிலத்தில் இருக்கிறது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. இனி எதைப் பார்ப்பது?

பதில் 1:
சகோதரி, நீங்கள் ஏட்டைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள்; படம்தான் வேறு காலத்தது. இணையத்தில் அந்த ஏட்டுடன் வரும் படங்கள் பல இடங்களில் பிற்காலத்தில் திருத்தப்பட்டவை என்பதால், இடையில் நிலங்கள் பிரிந்தும் சேர்ந்தும் எண்கள் மாறியிருக்கும். 1846க்குள் நாடு முழுவதற்கும் வரைந்து முடிக்கப்பட்ட, மைலுக்கு ஆறு அங்குல அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) நிலப்படத்தின் முதற்பதிப்பை எடுத்து, அந்த டவுன்லேண்டின் எல்லைக்குள் வீடுகளைக் குறிக்கும் சிறு செவ்வகங்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடுங்கள். எண்ணை ஒட்டிய சிறிய எழுத்து ஒரே நிலத்திலுள்ள தனித்தனி வீட்டைக் குறிப்பது. ஆகவே உங்கள் இரு மைக்கேல்களும் அண்டை வீட்டாராகவே இருந்திருக்க வேண்டும்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது பெரும்பாலும் தகப்பனார் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தால் நாம் தலைப்பெழுத்தைக் கொண்டு பிரித்தறிவதைப் போன்றதே இது.

பதில் 2:
மேலே சொன்னதுடன் ஒன்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பது அங்கே பரவலான வழக்கம், ஆகவே ஜானின் மகன் மைக்கேலுக்கு மீண்டும் ஒரு ஜான் பிறந்திருப்பது இயல்பே. ஆனால் இதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். டப்ளினில் உள்ள மதிப்பீட்டுத் திருத்தப் புத்தகங்களின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். நிலம் கைமாறும்போது பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதிய பெயரும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். மைக்கேல் இறந்து சில ஆண்டுகள் கழித்தே பெயர் மாறியிருக்கலாம் என்பதால், இறப்புப் பதிவை அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் தேடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நகல் நேற்று வந்தது. அடைப்புக்குறி மைக்கேலின் பெயர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே ஜான் என்றும், ஓரத்தில் 1873 என்றும் இருக்கிறது. முதற்பதிப்புப் படத்தில் பாதை வளையும் இடத்தில் ஐந்து செவ்வகங்கள் தெரிகின்றன. இறப்புப் பதிவை 1873இலிருந்து பின்னோக்கித் தேடத் தொடங்கிவிட்டேன்.